செட்டிநாட்டு வீடுகளில் படர்தாமரை ஏன் போய்ப் போய் வருகிறது?

படர்தாமரையை யாரும் பெரிய நோயாக எண்ணியதில்லை. இடுப்பில் ஒரு வட்டம், கொஞ்சம் அரிப்பு, ஒரு களிம்பு, மூன்று நாலு வாரத்தில் சரியாகிவிடும். முன்பெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. 2010களின் நடுப்பகுதியிலிருந்து இந்தியா முழுக்கத் தோல் மருத்துவர்கள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். வட்டம் ஒன்றோடு நிற்பதில்லை. தொடை, இடுப்பு, வயிறு, முதுகு என்று உள்ளங்கை உள்ளங்கையாகப் படர்கிறது. மருந்தை நிறுத்திய மாதமே திரும்பி வருகிறது. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கமும் இதே கதைதான். "போற மாதிரி போகுது, அப்புறம் டபுளா வருது" என்பதைச் சொல்லாத குடும்பம் குறைவு.

இதற்கு ஊரில் கிடைக்கும் உடனடி விளக்கம், சுத்தமில்லை என்பது. படர்தாமரை வந்தவரைக் குளிக்காதவர் போலப் பார்க்கிறோம். அவரும் வெட்கப்பட்டு யாரிடமும் காட்டாமல் மறைக்கிறார். என்னைக் கேட்டால், இந்த வெட்கம்தான் படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக்கு நாம் கொடுக்கும் முதல் உதவி. இரண்டு வேளை குளித்து, துவைத்த துணி உடுத்துகிறவர்களுக்கும் இது வருகிறது. இன்றைக்குப் படர்தாமரை விடாப்பிடியாக இருப்பதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் டியூப். இன்னொன்று, வீட்டில் நாலு பேருக்கு இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது. இரண்டும் புரிய வேண்டுமானால் பூஞ்சை எப்படிப் பிழைக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

படர்தாமரையை உண்டாக்குவது டெர்மட்டோபைட் எனப்படும் பூஞ்சைக் கூட்டம். டிரைக்கோபைட்டன், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோபைட்டன் என்று முக்கியமாக மூன்று வகை. இவற்றின் சாப்பாடு கெராட்டின். நம் தோலின் மேலடுக்கு, முடி, நகம் எல்லாம் கெராட்டினால் ஆனவை. தோலின் மேலடுக்கு செத்த செல்களின் அடுக்கு. பூஞ்சை அதைக் கரைத்துத் தின்கிறது, அதற்குக் கீழே உயிருள்ள அடுக்குகளுக்குள் பொதுவாக இறங்குவதில்லை. உதிர்ந்த செதிலில் உள்ள வித்து ஒருவர் தோலில் ஒட்டிக்கொண்டால் சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும், ஒரு நாளுக்குள் முளைவிடத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் வர நாலு நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகலாம். யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

வட்டமாக ஏன் வருகிறது? காய்ந்த புல்லில் ஒரு புள்ளியில் வைத்த தீ வெளிப்பக்கமாக நகர்ந்து நடுவில் கருகலை விட்டுப்போவது போலத்தான். பூஞ்சை நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியே நகர்கிறது. பின்னாலேயே உடலின் எதிர்ப்பு வந்து நடுவை ஓரளவு சுத்தம் செய்துவிடுகிறது. சண்டை நடப்பது விளிம்பில். படர்தாமரையை உற்றுப் பார்த்தால் விளிம்பு கொஞ்சம் மேடிட்டு, சிவந்து, பொடிப் பொடியாகப் பருக்களும் மெல்லிய செதிலுமாக இருக்கும். நடுப்பகுதி கறுத்தோ வெளிறியோ அமைதியாக இருக்கும். இந்த விளிம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டியூப் கெடுப்பது இதைத்தான்.

சிவகங்கைச் சீமை வறண்ட பூமி. மழை குறைவு, வெயில் அதிகம். இங்கே பூஞ்சைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பூஞ்சைக்கு வேண்டியது நிலத்தின் ஈரமில்லை, உடுப்புக்கும் தோலுக்கும் நடுவில் தேங்கும் ஈரம். சித்திரை வெயிலில் வியர்வை இடுப்பில் தங்கி, அதன் மேல் இறுக்கிக் கட்டிய துணி இருந்தால் அந்த நாலு விரற்கடை இடம் மட்டும் எப்போதும் மழைக்காலம்தான்.

இடுப்பைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். பெண்களுக்குப் பாவாடை நாடா விழும் தடத்திலேயே படர்தாமரை ஒரு பட்டையாகப் பிடித்திருக்கும். சேலைக் கொசுவம் செருகும் இடம், உள்ளாடை எலாஸ்டிக், மார்புக்குக் கீழ் மடிப்பு எல்லாம் இதே மாதிரி. ஆண்களுக்கு வேட்டி மடித்துச் செருகும் இடமும் தொடை இடுக்கும். இதற்கெல்லாம் மேலே, நாம் கவனிக்காத ஒன்று அரைஞாண் கயிறு. கறுப்புக் கயிறு, முறுக்கிய நூல். வருஷக்கணக்கில் அவிழ்ப்பதில்லை, குளித்தாலும் முழுதாகக் காய்வதில்லை. முறுக்குக்குள் செதில் உட்கார்ந்துகொள்ளும். களிம்பு போட்டுத் தோலைச் சரிசெய்தாலும் கயிற்றிலிருந்து திரும்ப ஏறும். தோல் மருத்துவர்கள் முதலில் கழற்றச் சொல்வது அதைத்தான். கழற்றக் கூடாது என்று வீட்டில் ஆத்தாவோ அப்பத்தாவோ சொன்னால், குணமாகும்வரை வெள்ளி அரைஞாண் போட்டுக்கொள்ளலாம். அதைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க முடியும்.

கண்டாங்கிச் சேலை பருத்தி. வியர்வையை உறிஞ்சும், காற்று போகும். அதைத் தினமும் உடுத்துகிறவர்கள் இன்று வயதான ஆச்சிகளில் சிலர்தான். மற்றவர்கள் பாலியஸ்டர் நைட்டி, இறுக்கமான லெக்கிங்ஸ், ஜீன்ஸ் என்று மாறி ரொம்ப நாள் ஆகிறது. பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அன்றும் படர்தாமரை இருந்தது. ஆனால் துணி வகை மாறியது பூஞ்சைக்குச் சாதகமாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது வீடு. பூஞ்சை வித்துகள் உதிர்ந்த செதிலோடு துணியிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே துண்டு, போர்வை, தலையணை உறை, சீப்பு, உள்ளாடை எல்லாம் வழிதான். செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி அறைகள், ஆளுக்கொரு அறை என்று இருந்தாலும், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றோ கல்யாணம் என்றோ கூடிவிட்டால் பட்டாலைக் கூடம் முழுக்க ஜமுக்காளம் விரித்துப் படுப்பது வழக்கம். விசேஷம் முடிந்ததும் ஜமுக்காளத்தை உதறி, மடித்து, இருட்டறையில் வைத்து, அடுத்த விசேஷத்துக்கு அப்படியே எடுக்கிறோம். தலையணையும் அப்படித்தான். நடுவில் ஒரு முறை வெயிலில் போட்டு எடுத்தால் நல்லது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். நாள் முழுக்க வியர்வையில் தொடை உரசி, இரவு கிடைத்த பாயில் பத்துப் பேரோடு படுத்து, காலையில் ஈரத்துண்டோடு கிளம்புகிறார்கள். யாத்திரை முடிந்து வரும் தொடை இடுக்கு அரிப்பில் உரசலால் வந்த புண் எது, பூஞ்சை எது என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு வேலை.

ஒரு சின்ன முரண். அந்தப் பழைய வீடுகளில் துணி காய்ந்தது முற்றத்து வெயிலில். நடுப்பகல் வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த துணியில் பூஞ்சைக்குப் பிழைப்பது கஷ்டம். இன்று வாஷிங் மெஷினில் எல்லோர் துணியும் ஒன்றாகச் சுற்றி, மொட்டை மாடி ஏறச் சோம்பல்பட்டு, அறைக்குள் மின்விசிறியில் காய்கிறது. சாதாரணத் தண்ணீரில் துவைத்தால் வித்துகள் சாவதில்லை. நோய் உள்ளவர் துணியிலிருந்து மற்றவர் துணிக்குப் போகவும் வாய்ப்புண்டு. 60 டிகிரி சூட்டில் துவைத்தால் பெரும்பாலும் அழியும். அது முடியாதென்றால் வெந்நீரில் தனியாக ஊறப்போட்டு, உட்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போட்டு, இஸ்திரி போடுங்கள்.

வேலையும் ஒரு காரணம். புதுவயல் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் இடத்தில் ஆவிக்கு நடுவே நிற்கிறவர், ஆத்தங்குடியில் டைல்ஸைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஏற்றுகிறவர், விசேஷ வீட்டில் விடியற்காலை மூன்று மணியிலிருந்து அடுப்பு முன் நிற்கும் சமையல்காரர் எல்லோருக்கும் உடுப்பு நாள் முழுக்க நனைந்தேதான் இருக்கும். கால்விரல் இடுக்கு வெள்ளையாக ஊறி வெடிக்கும் சேற்றுப்புண்ணிலும் பல நேரம் இதே பூஞ்சைதான். அங்கிருந்து சொறிந்த நகத்தோடு இடுப்புக்குப் போகும். பேன்ட், உள்ளாடை போடுவதற்கு முன் சாக்ஸைப் போட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பாதத்தை உரசிக்கொண்டு மேலே போகும் துணி பூஞ்சையையும் கூட்டிக்கொண்டு போகும்.

கப்பல் ஏறிப்போன ஊர் இது என்பதால் ஒரு பழைய செய்தியையும் சொல்லிவிடலாம். உலகத்தில் இன்று மிகப் பரவலான டிரைக்கோபைட்டன் ருப்ரம் என்ற பூஞ்சை, ஒரு காலத்தில் தென்கிழக்காசியா போன்ற சில பகுதிகளில் மட்டும் இருந்து, பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் வணிகம், படை, குடிபெயர்வு வழியாக மற்ற நாடுகளுக்குப் போனது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சைகோனுக்கும் போய்வந்த காலமும் அதுதான். யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று இன்று சொல்ல வழியில்லை. ஆனால் மனிதர் போகும் வழியில் பூஞ்சையும் போகும் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் இப்போது நம் கண் முன்னால் நடக்கிறது. அதற்கு முன் டியூப் கதையைச் சொல்ல வேண்டும்.

மருந்துக்கடையில் "அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் மூன்று மருந்து கலந்த ஒரு கிரீம். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, மூன்றாவதாக ஒரு ஸ்டீராய்டு. அந்த ஸ்டீராய்டு வீரியம் குறைந்ததாகவாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பல டியூப்களில் இருப்பது க்ளோபெடசால், வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது. பூசிய இரண்டாம் நாள் அரிப்பு நின்றுவிடும். சிவப்பும் போய்விடும். மந்திரம் போல இருக்கும். வாங்கியவர் பக்கத்து வீட்டுக்கும் அதே பெயரைச் சொல்வார்.

உள்ளே நடப்பது வேறு. அரிப்பும் சிவப்பும் பூஞ்சை செய்வதல்ல, பூஞ்சையை எதிர்க்கும் உடல் செய்வது. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கிவிடுகிறது. எதிராளி ஒதுங்கியதும் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. முன்னே சொன்ன விளிம்பு மங்கிப்போகிறது, நடுவும் சுத்தமாவதில்லை, சில பேருக்கு ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், அதற்குள் இன்னொன்று என்று வரும். பசிபிக் தீவுகளிலும் தென்கிழக்காசியாவிலும் இயல்பாகவே இப்படி அடுக்கு வட்டமாக வரும் ஒரு தனிப் பூஞ்சை உண்டு; நம் ஊரில் இப்படிப் பார்த்தால் பெரும்பாலும் அது டியூப் போட்ட கோலம். உருவம் மாறிவிடுவதால் மருத்துவருக்கே சில நேரம் இது கரப்பானா, சொரியாசிஸா, படர்தாமரையா என்று குழப்பம் வரும். டியூப் நின்றதும் அடக்கி வைத்த அரிப்பு மொத்தமாகக் கிளம்பும். மறுபடி டியூப். மாதக்கணக்கில் இப்படிப் போனால் தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவ வரி போலக் கோடு கோடாக வெடிக்கும். அந்தக் கோடு பிறகு முழுதாக மறைவதில்லை.

இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கம் இதை எதிர்த்து ரொம்ப காலமாகக் குரல் கொடுத்துவருகிறது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. சட்டம் அங்கே இருக்கிறது. டியூப் இங்கே கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கடைக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. கொஞ்சக் காசில் இரண்டே நாளில் அரிப்பு நிற்கும் ஒன்றை விட்டுவிட்டு, ஒரு நாள் கூலியை இழந்து டாக்டரைப் பார்க்கப் போகச் சொன்னால் எத்தனை பேர் போவார்கள்?

பாதி வைத்தியம், தப்பான வைத்தியம் பெருகிய இந்தக் காலத்தில்தான் ஒரு புதுப் பூஞ்சை மேலே வந்தது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தியா, நேபாளத்தைச் சேர்ந்த நோயாளிகளிடம் கண்ட ஒரு பூஞ்சைக்கு டிரைக்கோபைட்டன் இந்தோதினியே என்று பெயர் வைத்தார்கள். வட்டங்கள் பெரிதாக, அரிப்பு அதிகமாக, ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுலபமாகத் தொற்றுவது இதன் குணம். இதைவிட முக்கியமானது, படர்தாமரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரைக்கு இது பல நேரம் மசிவதில்லை. பூஞ்சைக்குத் தன் செல்லின் சவ்வைக் கட்ட எர்கோஸ்டிரால் என்ற பொருள் வேண்டும்; அதைத் தயாரிக்கும் வழியில் ஒரு நொதியை டெர்பினாஃபின் பிடித்து நிறுத்தும். இந்தப் பூஞ்சையில் அந்த நொதிக்கான மரபணுவில் ஓரிடம் மாறியிருக்கிறது. மருந்து பிடிக்க வேண்டிய இடம் நழுவிப்போகிறது. அதே வழியில் வேறொரு படியை மறிக்கும் இட்ராகோனசோல் என்ற மருந்து பெரும்பாலும் இன்னும் வேலை செய்கிறது. 2023 மே மாதம் அமெரிக்காவில் முதல் முறையாக நியூயார்க்கைச் சேர்ந்த இரண்டு பெண்களிடம் இதைக் கண்டதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. ஒருவர் பங்களாதேஷ் போய்வந்தவர். இன்னொருவர் வெளிநாடே போகாதவர். அதாவது அங்கேயே ஆளுக்கு ஆள் பரவ ஆரம்பித்திருக்கலாம்.

நாட்டு வைத்தியம் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவது நம் பக்கம் பழைய வழக்கம். சித்த மருந்துக் கடையில் அதன் களிம்பும் கிடைக்கும். அது வெறும் நம்பிக்கை மட்டுமில்லை, அந்த இலையில் பூஞ்சையை எதிர்க்கும் சத்து உண்டு என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. பூவரசங்காய்ப் பாலையும் தடவுவார்கள். புதிதாக வந்த ஒரே ஒரு சின்ன வட்டத்துக்குச் சீமை அகத்தியைப் போட்டுப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உடம்பெல்லாம் படர்ந்த பிறகு அது போதாது. ஆனால் பூண்டு, சுண்ணாம்பு, பேட்டரி தண்ணீர் என்று தோலைப் பொசுக்குகிற சமாச்சாரங்கள் வேண்டாம். புண்ணாகி, அதில் சீழ் பிடித்து, இரண்டு நோயாகிவிடும்.

குழந்தைகளின் தலையில் வருவது தனி. முடி வட்டமாகக் கொட்டி, செதிலாக, சில நேரம் முடி ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். சில பிள்ளைகளுக்குச் சீழ்க்கட்டி போல வீங்கும். பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் மேலே பூசும் எதுவும் போதாது, மாத்திரையோ சிரப்போ உள்ளே போக வேண்டும். மொட்டை அடித்தால் மட்டும் போகாது. சீப்பு, தொப்பி, சலூன் கத்தரி வழியாகப் பரவும். மாடு, கன்றுக்குட்டி, பூனையிடமிருந்தும் வரலாம். கன்றின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல் நிறப் பொருக்கு இருந்தால் மஞ்சுவிரட்டுக் காளை என்று பெருமையாகத் தடவிக்கொடுத்த கையோடு சோப்புப் போடுங்கள். ஆனால் நம் வீடுகளில் இப்போது சுற்றும் படர்தாமரை பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவதுதான்.

மருத்துவரிடம் போனால் ஒரு சின்னச் சோதனை கேட்கலாம். வட்டத்தின் விளிம்பை மழுங்கிய கத்தியால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். தோல் செல்கள் கரைந்து, கிளை விட்ட நூல் மாதிரி பூஞ்சை தெரியும். வலியில்லை, செலவும் அதிகமில்லை, அன்றைக்கே முடிவு தெரியும். பல மாதம் டியூப் போட்டு உருவம் மாறியவர்களுக்கு இது ரொம்ப அவசியம். சர்க்கரையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை இருந்தால் பூஞ்சை விடாது.

மாத்திரை ஆரம்பித்தால் நாலு வாரம் குறைந்தபட்சம். இப்போதைய படர்தாமரைக்கு ஆறு, எட்டு வாரம் ஆவதும் சாதாரணம். களிம்பை வட்டத்தின் மேல் மட்டுமல்ல, விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும், கண்ணுக்கு மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு போடுங்கள். வயிற்று எரிச்சலுக்கு மாத்திரை போடுகிற பழக்கம் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வயிற்றில் அமிலம் குறைந்தால் இந்த மருந்து உடம்பில் சேராது. இதய நோய், ஈரல் கோளாறு, கர்ப்பம் இருப்பவர்களும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவரையும் அதே நாளில் கூட்டிக்கொண்டு போவது நல்லது. மாமியாருக்கு முடிந்து மருமகளுக்கு, அப்புறம் பேரனுக்கு என்று முறை வைத்துப் பார்த்தால் மூவருக்கும் முடியாது. தொடை இடுக்கு என்பதால் மாமியார் சொல்லக் கூச்சப்படுவார். அவரிடம் மருமகள் கேட்பதைவிட மகள் கேட்டால் பதில் கிடைக்கும்.

மருந்துக்கடையில் டியூப் வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் உள்ளதைப் படியுங்கள், அல்லது படிக்கத் தெரிந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். க்ளோபெடசால், பீட்டாமெதசோன், பெக்லோமெதசோன், மொமெட்டசோன் இவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். க்ளோட்ரிமசோல், லூலிகோனசோல் மாதிரி ஒரே மருந்து மட்டும் உள்ளதைக் கேளுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு டியூப் போட்டவர்களுக்கு, அதை நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் அரிப்பும் சிவப்பும் முன்னைவிடக் கூடும். புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பெரும்பாலானவர்கள் பழைய டியூப்புக்குத் திரும்புவது அந்த வாரத்தில்தான். அரிப்பை அடக்க மருத்துவர் தனியாக மாத்திரை தருவார். அதை வைத்து அந்த நாட்களைக் கடத்துங்கள். டியூப்பில் மிச்சம் இருந்தால் எடுத்து வைக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.